பிந்தி வரும் அச்சம்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழி மாதம். தில்லியில் நாம் வாழும் குடியிருப்பில், நம் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இருந்துவந்தார். நாமும் மற்றவர்களும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பது வழக்கம். வெளியூர் சென்று இரவுப் பேருந்தில் அவர் திரும்பிக்கொண்டிருந்தபோது, மூடுபனியில் அந்தப் பேருந்து நின்றிருந்த லாரி ஒன்றின்மீது மோதிற்று. அண்ணாச்சிக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறு காயம் இல்லை. சன்னலை உடைத்து நால்வரை அவர் வெளியே இழுத்துக் காப்பாற்றினார் என்று உடன் பயணம் செய்தவர்கள் கூறினார்கள். மூன்றாம் நாள் அலுவலகத்திற்குப் போய்விட்டார். மாலையில் நம்மோடு அமர்ந்து காப்பி அருந்தியபடியே, நடந்ததை நிதானமாக விவரித்தார். அவருடைய நெஞ்சுறுதியை நாம் எல்லோரும் மெச்சினோம்.

இரண்டாம் வாரத்தின் நடுவில் நிலைமை மாறிற்று. சமையலறையில் குக்கர் சீழ்க்கை அடித்தால் திடுக்கிட்டு எழுந்து நின்றார். பேருந்து நிறுத்தம்வரை நடந்து போய், ஏறாமலே திரும்பி வந்தார். இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. அப்போது நாம் அவரைப் பார்த்து ஒன்று கேட்டோம். "என்ன அண்ணாச்சி, பத்து நாளும் நன்றாகத்தானே இருந்தீர்கள்? பயம் வருவதாக இருந்தால் அன்றைக்கே அல்லவா வந்திருக்க வேண்டும்?" அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுதான் எனக்கும் விளங்கவில்லை, சார்" என்றார். அதன்பின் பல நாட்கள் அவர் நம் வீட்டுக்குக் காப்பி அருந்த வரவில்லை.

நாம் கேட்ட கேள்வி பொதுஅறிவுக்குப் பொருத்தமானது என்றே அன்று எண்ணினோம். அது தவறு என்பதைப் பின்னர் அலுவலே நமக்கு உணர்த்திற்று. மொழிபெயர்ப்பு நமது தொழில். மனநலம் பற்றிய ஒரு கட்டுரை தமிழாக்கத்திற்காக நம் மேசைக்கு வந்தது. விலங்குகளின் மூளையில் உள்ள சில புரதங்களையும், பேரதிர்ச்சிக்குப் பின் அவற்றிடம் தோன்றும் பதற்றத்தையும் பற்றிய கட்டுரை அது. நாமோ கலைப் பட்டதாரி, விஞ்ஞானம் அறியோம். ஆயினும் பொருள் விளங்காமல் சொல்லைப் பெயர்க்க முடியாதாகையால், அறிந்தவர்களைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் சிறிது கற்றுக்கொண்டோம். அவ்வாறு கற்றதையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

முதலில் நம்மைத் தடுத்து நிறுத்தியவை இரண்டு சொற்கள். அச்சம் வேறு, பதற்றம் வேறு என்கிறது இந்த விஞ்ஞானம். கண்முன் உள்ள ஒன்றைக் கண்டு அஞ்சுவது அச்சம். எதிரே ஒன்றும் இல்லாதபோதும், ஏதோ வரப்போகிறது என்று உடலும் உள்ளமும் விழிப்பாகவே இருப்பது பதற்றம். இந்த வேறுபாட்டை நம் பாட்டிமார் முன்பே அறிந்திருந்தனர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை அண்டாது என்பது அச்சத்தைப் பற்றிய பழமொழி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பதற்றத்தைப் பற்றியது. பூனைக்கு அடுப்பு ஒன்றே பகை. அரண்டவனுக்கோ இருட்டு முழுவதும் பகை. பேரதிர்ச்சிக்கு உள்ளான சிலரிடம் முதலாவது இரண்டாவதாக மாறிவிடுகிறது. ஏன் மாறுகிறது, எப்போது மாறுகிறது என்பதே ஆராய்ச்சியின் பொருள்.

இத்துறையின் பழைய கதை ஒன்று ரஷ்ய நாட்டைச் சேர்ந்தது. 1924ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நேவா நதி பெருகி லெனின்கிராடு நகருக்குள் புகுந்தது. அங்கே நோபல் பரிசு பெற்ற பாவ்லவ் என்னும் உடலியல் அறிஞரின் ஆய்வுக்கூடம் இருந்தது. மணியோசை போன்ற ஓர் அடையாளத்தைக் கேட்டதும் உணவை எதிர்பார்த்து உமிழ்நீர் சுரக்கும்படி நாய்களைப் பழக்கியவர் அவர். வெள்ளம் நாய்களின் கூண்டுகளுக்குள் ஏறிற்று. மூக்கு மட்டும் நீருக்கு மேலே இருக்க, அவை நீந்திக்கொண்டிருந்தன. கூண்டுக் கதவுகள் தாழ்வாக இருந்தமையால், ஊழியர்கள் அவற்றை நீருக்குள் அமிழ்த்தியே வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. நாய்கள் பிழைத்தன. ஆனால் அவற்றுட் சில, கற்ற பழக்கங்களை இழந்துவிட்டன. நாளடைவில் ஒரு நாய் தேறி வந்த பிறகு, அதன் அறைக் கதவின் அடியில் சிறிது நீரை வழிந்தோட விட்டார்கள். அந்தச் சிறு நீரைக் கண்ட மாத்திரத்தில் பழைய கலக்கம் முழுவதும் திரும்பி வந்தது.

மனிதர்களிடம் இந்த நோய் அதற்கும் முன்பே காணப்பட்டதுதான். முதல் உலகப் போரில் குண்டு மழையிடையே நின்ற வீரர்களின் நிலையை, 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர், குண்டதிர்ச்சி என்று பொருள்படும் பெயரால் மருத்துவ இதழில் குறித்தார். பல காலம் அது கோழைத்தனம் என்றே பழிக்கப்பட்டது. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், பேரதிர்ச்சிக்குப் பிந்திய உளைச்சல் நோய் என்று அதற்குத் தனிப் பெயரும் இலக்கணமும் வகுத்தது. விபத்து, நெருப்பு, வெள்ளம், வன்முறை ஆகிய எதன் பின்னும் இது வரலாம் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது.

மனிதரின் மூளையைத் திறந்து பார்க்க இயலாது. ஆகவே ஆராய்ச்சியாளர் எலியிடம் செல்கின்றனர். எலி தன் கனவைச் சொல்லாது. அதன் பதற்றத்தை எவ்வாறு அளப்பது? அதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர் உயரம். நான்கு கைகளில் இரண்டிற்குச் சுவர் உண்டு. இரண்டு திறந்த வெளி. எலி இயல்பாகவே மறைவை நாடும் பிராணி. ஆயினும் புதிய இடத்தைத் துருவிப் பார்க்கும் ஆவலும் அதற்கு உண்டு. அமைதியான எலி திறந்த கைகளிலும் சிறிது உலவிப் பார்க்கும். பதற்றம் மிகுந்த எலி சுவருக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். ஐந்து நிமிட நேரத்தில் அது எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்கிட்டால் பதற்றத்திற்கு ஓர் அளவு கிடைத்துவிடுகிறது.

இனி நம் நாட்டு ஆராய்ச்சி ஒன்றுக்கு வருவோம். பெங்களூரில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த தேசிய உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே சுமந்திர சட்டர்ஜி என்பவரும் அவர் மாணவர்களும், அமெரிக்க அறிஞர் புரூஸ் மெக்யூவனோடு சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. எலியை இரண்டு மணி நேரம், ஒரே ஒரு முறை, அசைய முடியாதபடி கட்டுப்படுத்தி வைத்தார்கள். மறுநாள் மேடையில் விட்டுப் பார்த்தபோது பதற்றம் மிகவில்லை. மூளையிலும் வேறுபாடு தென்படவில்லை. வேறோர் எலிக் கூட்டத்தை அதேபோல் கட்டி வைத்து, பத்து நாட்கள் தொந்தரவின்றி விட்டுவைத்த பின் சோதித்தார்கள். இப்போது அவை திறந்த வெளியைத் தவிர்த்தன. இடையில் அவற்றுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். தீங்கு நின்றுபோன பிறகே பதற்றம் வளர்ந்திருக்கிறது.

மூளைக்குள் பார்த்தபோது காரணம் ஓரளவு தெரிந்தது. நம் இரு காதுகளுக்கும் உட்புறமாக, மூளையின் ஆழத்தில், வாதுமைப் பருப்பின் வடிவில் ஓர் உறுப்பு உண்டு. வாதுமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதனை அமிக்டலா என்கின்றனர். அபாயத்தை உணர்த்தும் மணி அதுவே எனலாம். நரம்பணுக்கள் மரம்போல் கிளைவிடுபவை. அக்கிளைகளின்மேல் அரும்புகள் போன்ற மிக நுண்ணிய முளைகள் இருக்கும். ஒரு நரம்பணு மற்றொன்றிடமிருந்து செய்தி பெறுவது பெரும்பாலும் இந்த அரும்புகளின் வழியாகத்தான். கட்டி வைக்கப்பட்ட எலிகளின் அமிக்டலாவில், மறுநாள் இல்லாத புதிய அரும்புகள் பத்தாம் நாளில் தோன்றியிருந்தன. அபாய மணிக்குப் புதிய கயிறுகள் கட்டப்பட்டிருந்தன என்று சொல்லலாம். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் மணி ஒலிப்பதில் வியப்பில்லை.

அரும்பு முளைப்பதற்குப் பொருள் வேண்டும். அந்தப் பொருள்தான் புரதம். புரதம் என்றவுடன் பருப்பும் முட்டையும் நம் நினைவுக்கு வரும். ஆனால் உடலில் ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே ஆக்கிக்கொள்கிறது. வாயில் காப்பவை சில, செய்தி கொண்டு செல்பவை சில, வளர்ப்பவை சில. பதற்றத்தோடு தொடர்புள்ள மூன்று நான்கை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, வாயிற்காவலன். என்.எம்.டி.ஏ. ஏற்பி என்னும் புரதம் நரம்பணுவின் வாயிலில் நிற்கிறது. வலிமையான செய்தி வரும்போது மட்டும் அது திறந்து, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தை உள்ளே விடுகிறது. அதுவே நெடுநாள் மாறுதல்களுக்குத் தொடக்கம். பெங்களூர் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், எலி கட்டப்பட்டிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் அமிக்டலாவில் இவ்வாயிலை மருந்தால் அடைத்து வைத்தார்கள். பத்தாம் நாளில் வரவேண்டிய இணைப்புப் பெருக்கம் வரவில்லை. ஆகவே பத்தாம் நாள் தோன்றும் விளைவிற்கு விதை முதல் நாளிலேயே ஊன்றப்படுகிறது. வெளியே ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது, வளர்ப்புத் தாய். ஜெர்மனியில் 1982இல் ஈவ் பார்டு, ஹான்ஸ் தோனன் முதலிய அறிஞர்கள் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் இது, பி.டி.என்.எஃப். என்று சுருக்கமாக அழைப்பர். நரம்பணுக்கள் செழித்துக் கிளைவிட இது துணைபுரிகிறது. நல்லதுதானே என்று தோன்றும். எங்கே வளர்க்கிறது என்பதைப் பொறுத்தது அது. எலிகளை நாள்தோறும் கட்டி வைத்துச் செய்த ஆய்வொன்றைப் பெங்களூர் மையம் 2012இல் வெளியிட்டது. நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் இப்புரதம் குறைந்தது. அபாய மணியாகிய அமிக்டலாவிலோ மிகுந்தது. 21 நாட்கள் ஓய்வு கொடுத்த பின் ஹிப்போகாம்பஸில் குறைவு சரியாகிவிட்டது. அமிக்டலாவில் மிகுதி மட்டும் நீடித்தது. சம்பவத்தின் விவரங்கள் மங்கிய பின்னும் கலக்கம் மட்டும் தங்கிவிடுவதை நாம் மனிதரிடம் காண்கிறோம் அல்லவா? அதற்கு ஒப்பான ஒன்றை இந்த எலிகளின் மூளை காட்டுகிறது.

மூன்றாவது, தாழ்ப்பாள். உடல் நெருக்கடியில் இருக்கும்போது மூளையின் அடிப்பகுதி ஒரு சிறு புரதத் துண்டைச் சுரக்கிறது. 1981இல் வைலி வேல் என்னும் அமெரிக்கர் செம்மறியாட்டின் மூளையிலிருந்து அதனைக் கண்டுபிடித்தார். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின்மேல் உள்ள சுரப்பியைத் தூண்ட, கார்டிசால் என்னும் நீர் இரத்தத்தில் கலக்கிறது. எலியில் அதன் பெயர் கார்டிகோஸ்டிரோன். கார்டிசால் தன் ஏற்பிப் புரதத்தில் போய்ச் சேர்ந்தால், 'போதும், நிறுத்து' என்ற கட்டளை மூளைக்குச் செல்லும். அந்த ஏற்பியை எளிதில் இணங்கவிடாமல் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் எஃப்.கே.பி.பி.5. இந்தத் தாழ்ப்பாளுக்குரிய மரபணு எல்லோரிடத்திலும் ஒரே மாதிரி இல்லை. குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களிடையே, அம்மரபணுவின் சில வகைகள் இந்நோயின் கடுமையோடு தொடர்புடையவை என்று எலிசபெத் பிண்டரும் குழுவினரும் 2008இல் கண்டறிந்தனர்.

ஒரே பேருந்தில் வந்தவர்களுள் ஒருவர் தேறுவதும் மற்றவர் தளர்வதும் ஏன் என்ற கேள்விக்கு இஃது ஒரு பகுதி விடை. இஸ்ரேல் நாட்டில் ஹகித் கோஹன் என்பவர் எலிகளைப் பூனை வாடையில் சில நிமிடங்கள் விட்டு, ஒரு வாரம் கழித்துச் சோதித்தார். எல்லா எலிகளுக்கும் வாடை ஒன்றே. ஆயினும் கடுமையான மாறுதல் கண்டவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எலியிடமே இத்தகைய வேறுபாடு இருக்குமானால், பாதிக்கப்பட்ட மனிதரைப் பார்த்து "மற்றவர் இல்லையா?" என்று கேட்பது எவ்வகையில் நியாயம்?

பதிந்த அச்சம் என்றும் அழியாத கல்வெட்டா? 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர், ஜோசப் லெடூ முதலியோர் நியூயார்க்கில் செய்த ஆய்வு இதற்கு ஓர் எதிர்பாராத விடை தந்தது. ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்சும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு ஒலியை மீண்டும் ஒருமுறை கேட்கச் செய்து, உடனே அமிக்டலாவில் புதிய புரதம் உண்டாகாதபடி மருந்து செலுத்தினார்கள். மறுநாள் ஒலியைக் கேட்ட எலிகளிடம் அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஒலியை நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்த எலிகளிடம் குறையவில்லை. நினைவு கூரும் ஒவ்வொரு முறையும், அந்த நினைவு சற்று இளகி, மீண்டும் புரதத்தால் இறுக வேண்டியிருக்கிறது போலும். இளகும் அந்த நேரத்தில் திருத்தத்திற்கு இடம் உண்டு.

ஆயினும் எலி மனிதன் அன்று என்பதை மறந்துவிடலாகாது. மேலே சொன்ன வைலி வேல் கண்ட புரதத் துண்டின் செயலைத் தடுத்தால் எலிகளின் பதற்றம் குறைகிறது. அவ்வாறு தடுக்கும் மருந்து ஒன்று, இந்நோயுற்ற பெண்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டு, 2017இல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. இந்நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. ஆனால் நெடுங்காலம் சோதனைகளில் பெரும்பாலும் ஆண் எலிகளையே பயன்படுத்தி வந்தார்கள். எலியின் பத்து நாள் மனிதனின் பத்து நாள் ஆகாது என்பதும் நினைவில் இருக்கவேண்டும். மனிதரிடம் நோய்க்குறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர் இந்நோய் என்று முடிவுகட்டுவர். சிலரிடம் அவை பல மாதங்கள் கழித்தே முழுமையாக வெளிப்படும்.

நம்பிக்கைக்கு இடமான செய்தியும் உண்டு. கட்டி வைத்ததற்குப் பிறகு எலிகளின் குடிநீரில் கார்டிகோஸ்டிரோன் கலந்து கொடுத்தபோது, பத்தாம் நாள் விளைவு வராமல் தடுக்கப்பட்டது என்று பெங்களூர்க் குழு 2020இல் தெரிவித்தது. முன்னதாக 2001இல் ஜெர்மானிய மருத்துவர்கள், கடும் கிருமித் தாக்குதலால் உயிருக்குப் போராடிய சிலருக்குச் சிகிச்சையின் பகுதியாக இதே இனத்து மருந்தைக் கொடுத்திருந்தனர். பிழைத்தவர்களிடம் இவ்வுளைச்சல் நோய் குறைவாகவே காணப்பட்டது. அது சிறிய ஆய்வு. மருந்தின் தீய விளைவுகளும் சாமானியமானவை அல்ல. ஆகவே யாரும் இதைக் கேட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போய்விட வேண்டா. நாம் கொள்ள வேண்டிய கருத்து வேறு: தீங்கு நேர்ந்ததற்கும் நோய் வேரூன்றுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் உதவி பயன்தரும்.

அந்த இடைவெளியில்தான் நாம் அண்ணாச்சியிடம் அக்கேள்வியைக் கேட்டோம். கட்டுரையை மொழிபெயர்த்து முடித்த அன்று மாலை அவர் வீட்டிற்குப் போனோம். எலிகளின் கதை முழுவதையும் சொன்னோம். அவர் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் நான் நடிக்கவில்லை, இல்லையா சார்?" என்றார். அவர் மனைவி உள்ளே போய்க் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டோம். அத்தனை மாதமும் அந்த ஐயம் அவருக்கே இருந்திருக்கிறது. அதை வளர்த்தவர்களுள் நாமும் ஒருவர். நாம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். பின்னர் அவர் மனநல மருத்துவரிடம் சென்றார். சிறிது சிறிதாக, ஒரு நிறுத்தம், இரண்டு நிறுத்தம் என்று, துணையோடு பேருந்தில் ஏறிப் பழகினார். இப்போது பகலில் தனியே போய் வருகிறார். இரவுப் பேருந்தில் இன்னும் ஏறுவதில்லை.

ஊரையும் உறவையும் விட்டு வெளி மாநிலங்களில் வாழ்கிறவர்கள் நாம். இங்கே ஒருவருக்குத் துன்பம் நேர்ந்தால், அன்றைக்கு ஓடிவந்து உதவ நம்மவர் தவறுவதில்லை. உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறோம், மருத்துவமனையில் இரவு தங்குகிறோம். மூன்றாம் நாள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். பத்தாம் நாளிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்பதே இந்த எலிகள் நமக்குக் கற்பிக்கும் பாடம். பேரிடரைக் கண்டவர்களுள் பெரும்பாலோர் காலப்போக்கில் தாமாகவே தேறிவிடுவர். தேறாதவர்களுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் தக்க மருந்துகளும் உண்டு. அயல் மொழியில் மனக்குறையைச் சொல்ல நாவெழாதவர்களுக்கு வசதியாக, மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்; அது சேவை புரியும் மொழிகளுள் தமிழும் ஒன்று.

பிந்தி வரும் அச்சம் பொய்யான அச்சம் அன்று. அது அன்றே விதைக்கப்பட்டு, மெல்ல முளைத்து, தன் நாளில் வெளிவருகிறது. அப்படி ஒருவர் நம்மிடம் வந்து சொன்னால், ஏன் இத்தனை நாள் கழித்து என்று கேளாமல், உட்காருங்கள் என்று சொல்லி ஒரு குவளை காப்பி கொடுப்போமாக.